ஈழம்: சாட்சியமற்ற போரின் சாட்சியங்கள் (நூல்)

பிரித்தானிய இதழாளர் பிரான்சிஸ் ஹாரிசன் 2012இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலின் தமிழ் வடிவம் இது. என்.கே. மகாலிங்கம் மொழிபெயர்க்க, காலச்சுவடு வெளியிட்டது. ஹாரிசன் 2000 முதல் 2004 வரை பிபிசியின் இலங்கைச் செய்தியாளர். இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே நடந்து, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்த இறுதிப் போரில் சிக்கிய வன்னி மக்களின் கதையைத் தப்பிப் பிழைத்தவர்களிடம் கேட்டு எழுதினார். மருத்துவர், கன்னியாஸ்திரி, ஆசிரியர், கடைக்காரர், போராளி என ஆளுக்கொரு அத்தியாயம்.

2008 செப்டம்பரில் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேற்றப்பட்டனர். வெளியுலகச் செய்தியாளர்களுக்குப் போர்முனைக்குச் செல்லத் தடை. எஞ்சிய சாட்சிகள் பங்கருக்குள் கிடந்த மக்களும் அரசு மருத்துவர்களுமே. சேலைகளைப் பையாகத் தைத்து, மணல் நிரப்பி, செல்லடிக்கு அரணாக அடுக்கிய மக்கள் அவர்கள். நூலின் மதிப்பை இந்தச் சூழலில் வைத்தே எடைபோட வேண்டும்.

மருத்துவர்களின் சாட்சியம் எப்படி மறுக்கப்பட்டது என்பதே இறப்புக் கணக்கு பற்றிய சர்ச்சையின் மையம். புதுக்குடியிருப்பு மருத்துவமனை 2009 தொடக்கத்தில் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டது. நோயாளிகள் புதுமாத்தளனுக்கு மாற்றப்பட்டனர். அங்கிருந்து இறப்புக் கணக்கைத் தொலைபேசியில் சொல்லிவந்த ஐந்து மருத்துவர்கள் போர் முடிந்ததும் கைதாகினர். ஜூலை 8 அன்று கொழும்பில் பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டபோது, ஜனவரி முதல் மே நடுப்பகுதி வரை இறந்தவர்கள் 650 முதல் 750 பேர் மட்டுமே என்றார்கள். அது அழுத்தத்தில் சொன்னது என்று அவர்களில் ஒருவரான வரதராஜா, நாட்டைவிட்டு வெளியேறிய பின் கூறினார். காவலில் இருப்பவர் தரும் மறுப்பைவிட, செல்லடிக்கு நடுவில் அவர் சொன்ன கணக்குக்கே கூடுதல் மதிப்புத் தர வேண்டும்.

எண்ணிக்கைத் தகராறு இன்றும் ஓயவில்லை. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டை ஐ.நா. நிபுணர் குழு 2011இல் முன்வைத்தது. 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் இல்லை எனச் சுட்டியது 2012இன் ஐ.நா. உள்ளக ஆய்வு. அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் எழுப்பிய கேள்வி, கணக்கில் வராத 1,46,679 பேரைப் பற்றியது. பிரித்தானியப் பிரபு நேஸ்பி போன்றோர் ஏழெட்டாயிரம் என்றே வாதிடுகின்றனர். இவற்றில் எது சரி என்று தீர்ப்பது சாட்சிய நூலால் ஆகாத காரியம். அதை எதிர்பார்த்து நூலைக் குறைசொல்வது நியாயமும் அல்ல.

குறைகள் வேறிடத்தில் உள்ளன. பாதுகாப்புக் கருதிப் பல பெயர்கள் மாற்றப்பட்டுள்ளதால், பிறர் தேடிச் சரிபார்ப்பது கடினம். பேசியவர்களில் பலர் வெளிநாடு சேர்ந்தவர்கள். அந்த வழி கிடைக்காமல் ஊரிலேயே தங்கியோரின் குரல் குறைவு. அவ்வகையில் ரோகிணி மோகன் 2014இல் எழுதிய நூல் நல்ல துணை: மூன்று பேரின் வாழ்வைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது அது. ஹாரிசன் பின்னாளில் பொறுப்புக்கூறல் கோரும் அமைப்பொன்றில் பணியாற்றியதையும் வாசகர் அறிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒருதலைச் சார்பு என்ற குற்றச்சாட்டு நிற்காது. புலிகள் இயக்கம் வீட்டுக்கொருவரைப் பிடித்துச் சென்றதையும், தப்பியோடியவர்களைச் சுட்டதையும் நூல் மறைக்கவில்லை. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி புலிகளால் கொல்லப்பட்டபின், அவர்களைப் பற்றிய பேச்சு தமிழ்நாட்டில் ஆதரவு, எதிர்ப்பு என இரண்டாகப் பிளந்தது. அப்பிளவின் எந்தப் பக்கத்தில் நிற்பவருக்கும் இந்நூலில் சங்கடமான பக்கங்கள் உண்டு. மருத்துவமனைத் தாக்குதல், கட்டாய ஆள்சேர்ப்பு ஆகிய இரண்டையும் ஐ.நா. மனித உரிமை ஆணையரகம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கையும் பதிவு செய்துள்ளது.