நீதிமன்ற ஊழியரும் நெறிமுறையும்

நீதிமன்றப் படியேறும் சாமானியர் முதலில் சந்திப்பது நீதிபதியை அல்ல; பெயர் சொல்லி அழைக்கும் தபேதாரையும், கட்டுகளைப் புரட்டும் எழுத்தரையும்தான். நீதிபதியின் முகத்தை அவர் சில நிமிடங்களே காண்கிறார். ஊழியர்களுடனோ, வாய்தாவுக்கு வாய்தா, ஆண்டுக்கணக்கில் பழக வேண்டியிருக்கிறது. நீதித்துறை பற்றிய அவரது மதிப்பீடு பெரும்பாலும் அந்தப் பழக்கத்தில்தான் உருவாகிறது.

நீதிபதிகள் பின்பற்ற வேண்டிய விழுமியங்களை உச்சநீதிமன்றம் 1997-இல் தீர்மானமாகவே நிறைவேற்றியது. ஊழியர்களுக்கு அப்படிப் பேசப்படும் ஆவணம் இல்லை என்றாலும், விதிகளுக்குப் பஞ்சமில்லை. மாவட்ட நீதிமன்ற ஊழியர்களை 1973-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசுப் பணியாளர் நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. அரசியல் சாசனத்தின் 235-ஆவது பிரிவு கீழமை நீதிமன்றங்களை உயர்நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறது. பிறகு ஏன் புகார்கள் ஓயவில்லை?

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கில் தீர்ப்பு நகலுக்காக நான் அலைந்ததுண்டு. "நகல் தயார்தான் ஐயா, கையெழுத்துதான் ஆக வேண்டும்" என்ற பதிலிலேயே மூன்று வாரங்கள் கழிந்தன. எனக்குப் பின்னால் வந்த முதியவர் பேரேட்டுக்கு அடியில் மடித்த நோட்டு ஒன்றை வைத்தார். அன்று மாலையே அவருக்கு நகல் கிடைத்தது. பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இதில் புரியாதது ஏதுமில்லை. அங்கே விற்கப்பட்டது நகல் அல்ல, காலம். தாமதத்தை உண்டாக்கும் அதிகாரமும் அதை நீக்கும் அதிகாரமும் ஒரே மேசையில் இருந்தால் அதற்கு ஒரு விலை தானாகவே ஏற்பட்டுவிடும். நகல் பெறத் தேவைப்படும் காலத்தை மேல்முறையீட்டுக் கெடுவிலிருந்து காலவரையறைச் சட்டம் கழித்துவிடுகிறது என்பது உண்மை. அதை ஏழை வழக்காடிக்கு எடுத்துச் சொல்பவர் யார்?

இதைவிடக் கொடியது அழைப்பாணை சார்பு செய்வதில் நிகழும் முறைகேடு. வீட்டுப் பக்கமே போகாமல், "வாங்க மறுத்தார், கதவில் ஒட்டினேன்" என்று ஊழியர் எழுதிவிட்டால், வழக்கு நடப்பதே அறியாத ஒருவர் மீது ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். ஜப்திக்கு அமீனா வரும்போதுதான் அவருக்குச் செய்தியே தெரியும். அத்தகைய தீர்ப்பை ரத்து செய்யக் கோர உரிமையியல் நடைமுறைச் சட்டம் வழி வைத்திருக்கிறது. ஆனால், தனக்கு அழைப்பாணை வரவில்லை என்று மெய்ப்பிக்க வேண்டிய சுமை அவர் தலையில் அல்லவா விழுகிறது!

பணி நேரம் முடிந்தபின்னும் ஊழியரின் பொறுப்பு முடிவதில்லை. நீதிமன்ற ஏலத்தில் கடமையாற்றும் ஊழியர் அந்தச் சொத்தை நேரடியாகவோ மறைமுகமாகவோ வாங்கக் கூடாது என்று அதே சட்டம் தடுக்கிறது. மைத்துனர் பெயரில் வாங்கினாலும் அது குற்றமே. தீர்ப்பு வெளியாகும் முன்பே அதன் போக்கைத் தேநீர்க் கடையில் பேசுவது, கட்டில் உள்ள ஆவணத்தைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவது, வழக்காடியிடம் கைமாற்று வாங்குவது, வாய்க்கால் தகராறில் "நான் கோர்ட்டில் இருக்கிறேன்" என்று மிரட்டுவது ஆகியவற்றை அவர் தமது சொந்த விவகாரம் என்று சொல்லிவிட முடியாது. அவருடைய சொல்லுக்கு ஊரில் கிடைக்கும் கனம் அவருடையதன்று; நீதிமன்றத்தினுடையது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இரவு எட்டு மணி வரை அமர்ந்து தீர்ப்பைத் தட்டச்சு செய்யும் சுருக்கெழுத்தர்களும், ஒரு குவளைத் தேநீரைக்கூட மறுக்கும் எழுத்தர்களும் இருக்கிறார்கள். சிலரின் கைநீட்டலுக்கு இவர்களும் சேர்ந்தே பழி சுமக்கிறார்கள். வழக்காடிகளும் முற்றிலும் நிரபராதிகள் அல்லர். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளியே. கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாள்களுக்குள் புகார் அளித்தால் மட்டுமே தப்பலாம்.

வழக்கின் நிலையை இன்று கைப்பேசியிலேயே பார்க்க முடிகிறது. அதுபோல ஒவ்வொரு நகல் பிரிவின் வாசலிலும் மனு எண், மனு பெற்ற நாள், நகல் தயாரான நாள் ஆகிய மூன்றையும் அன்றாடம் எழுதி வைக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஒரு கரும்பலகை போதும்.