சம்மதம் யாரிடம் கேட்பது?

வன்னியில் பெண்ணுக்குக் காணி இல்லையென எவரும் சொல்லார். சீதனக் காணி எழுதியே நாம் மகளை மணமுடித்துக் கொடுக்கிறோம். ஆனால், அக்காணியின்மீது அவளுக்குள்ள அதிகாரம் எவ்வளவு?

வடபுலத் தமிழரின் வழமைகளை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் ‘தேசவழமை’யாகத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர், அனைவரும் ஆண்கள். எனினும், தந்தையின் முதுசம் ஆண்மக்களுக்கும் தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் உரியன என்ற பழைய நெறி அத்தொகுப்பிலேயே பதிவாகியுள்ளது.

ஆக, வழமை பெண்ணின் உடைமையை மறுக்கவில்லை; அதனை ஆளும் கையையே கட்டியது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைச் சட்டமும் அக்கட்டை அவிழ்க்கவில்லை. கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மனைவி தன் காணியை விற்கவோ நன்கொடையாக அளிக்கவோ இயலாது என்றது. கணவனோ தன் முதுசத்தை விற்க மனைவியைக் கேட்கவேண்டியதில்லை.

2009இல் போர் முடிந்தபோது முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் எத்தனையோ பெண்களின் கணவன்மார் காணாமற் போயிருந்தனர். அப்பெண்கள் எவரிடம் சம்மதம் பெறுவது? நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம் என்கிறது சட்டம். கூலிக்குப் போய்ப் பிள்ளைகளை வளர்ப்பவளுக்கு வழக்குச் செலவை யார் கொடுப்பார்?

வழமை தொன்மையானது, அதிற் கைவைக்கலாகாது என்பர் சிலர். தென்னாபிரிக்காவில் மூத்த ஆணுக்கே மரபுரிமை என்ற வழமை விதியை அரசியலமைப்பு நீதிமன்றம் 2004இல் செல்லாததாக்கியது. நம் நாட்டிலும், வன்னிக் குடியேற்றக் காணிகள் பலவற்றை ஆளும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டத்தில் மகனை முன்னிறுத்திய உரித்து வரிசை 2022இல் திருத்தப்பட்டது.

பன்னிரு ஆண்கள் ஒப்புக்கொண்டதைத் திருத்தும் வேளையிலேனும் பெண்களின் சம்மதத்தை நாம் கேட்போம்.