டயர் விளக்கு வந்த கதை

காரின் டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் டயர் விளக்கைப் பார்த்தால் பலருக்கும் எரிச்சல்தான் வரும். ஆனால் அது சும்மா வந்த விளக்கு அல்ல!

ஓடும்போதே டயரின் மேல்பட்டை பிய்ந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள் பல கவிழ்ந்ததால், 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. அந்த டயர்களோடு 271 மரணங்கள் தொடர்புபடுத்தப்பட்டன. காற்று குறைந்த டயர் அதிகம் சூடேறும், ஆபத்தும் கூடும்.

அதே ஆண்டு நவம்பரில் ‘ட்ரெட்’ சட்டம் வந்தது. அதன் விளைவாக 2007 செப்டம்பர் முதல் அங்கு எல்லாப் புதுக் கார்களிலும் இந்த எச்சரிக்கை கட்டாயமானது. காற்று 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும். கருவியே பழுதென்றால் 60 முதல் 90 வினாடி மினுக்கிவிட்டு, பிறகு நிலையாக எரிய வேண்டும்.

மின்சாரக் கார்களுக்கும் இதே விதிதான். வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு பெரிய பேட்டரியில் ஓடும் கார்கள் பலவற்றிலும் சக்கரத்துக்குள் உள்ள சென்சாருக்குத் தனியாக ஒரு குட்டி பேட்டரி! அதற்கு சார்ஜ் ஏற்ற முடியாது. சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அப்போது எவ்வளவு காற்று அடித்தாலும் விளக்கு அணையாது, சென்சாரைத்தான் மாற்ற வேண்டும். அதுவரை கேஜ் வைத்துக் காற்றைப் பார்த்துக்கொள்வதே உயிருக்குக் காவல்.