குருக்கள் இல்லாத காலத்தில் ஒரு நம்பிக்கை: பாராமகால் கிறிஸ்தவர்களின் கதை

முன்னுரை

துன்பம் வரும்போது கடவுள் கைவிட்டுவிட்டாரோ என்ற கேள்வி எந்த பக்தனுக்கும் எழும். ஆறுதல் சொல்ல ஒரு குருவோ பெரியவரோ பக்கத்தில் இருந்தால் மனம் கொஞ்சம் தேறும். அவர்களும் இல்லாமல் போனால்? இன்றைய தருமபுரிப் பகுதியின் கிறிஸ்தவர்கள் சுமார் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த நிலையைத்தான் சந்தித்தார்கள்.

போர்க்களமான பூமி

தருமபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளுக்கு அன்று பாராமகால் என்று பெயர். மைசூரிலிருந்து தமிழகச் சமவெளிக்கு இறங்கும் வழியில் இருந்ததால், படைகள் இந்த மண்ணை மிதிக்காமல் போனதில்லை. 1767 முதல் 1799 வரை ஆங்கிலேயருக்கும் மைசூருக்கும் நான்கு போர்கள் நடந்தன. கோட்டைகள் கை மாறின. ஊர்களும் பயிர்களும் அழிந்தன. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது.

இந்தப் போர்கள் எல்லா மதத்தாரையும்தான் வாட்டின. கிறிஸ்தவர்களுக்கு இன்னொரு இழப்பும் இருந்தது. மதுரை, மைசூர் மிஷன்களை நடத்தி வந்தவர்கள் இயேசு சபைக் குருக்கள். 1759-ல் போர்ச்சுகல் அரசு அந்தச் சபையைத் தன் நாட்டிலிருந்து வெளியேற்றியது. 1773-ல் திருத்தந்தை 14-ஆம் கிளமெண்ட் சபையையே கலைத்துவிட்டார். புதிய குருக்கள் வருவது நின்றது. இருந்தவர்களும் முதுமையால் ஒவ்வொருவராக மறைந்தார்கள். 1776-ல் பொறுப்பு பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபைக்குப் போனாலும், பரந்த நாட்டுக்கு ஒரு கைப்பிடி அளவு குருக்களே கிடைத்தார்கள்.

உபதேசியார் என்ற தூண்

அப்படியானால் விசுவாசம் எப்படிப் பிழைத்தது? விடை உபதேசியார்களிடம் இருக்கிறது. இவர்கள் குருக்கள் அல்ல, உள்ளூர்க் குடும்பஸ்தர்கள். குருக்கள் இருந்த காலத்திலேயே ஓர் ஊருக்கு அவர்கள் எப்போதாவதுதான் வர முடிந்தது. மற்ற நாட்களில் ஜெபங்களைத் தமிழில் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தது, ஞாயிறன்று மக்களைக் கூட்டியது, சாகக் கிடக்கும் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தது, மரணப் படுக்கையில் இருப்பவர் அருகே அமர்ந்து ஜெபித்தது எல்லாம் உபதேசியாரே.

புத்தகத்தை எரிக்கலாம், கோயிலை இடிக்கலாம். மனப்பாடம் செய்த ஜெபத்தை யாராலும் பறிக்க முடியாது அல்லவா? ஜப்பானிலும் இப்படி நடந்தது. 1614-ல் அங்கே கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டது. சுமார் 250 ஆண்டுகள் கழித்து, 1865-ல் நாகசாகியில், மறைவாக வாழ்ந்த விசுவாசிகள் பெத்திஜான் என்ற குருவிடம் வந்து தங்களை அடையாளம் காட்டினார்கள். குருக்கள் இல்லாமலே ஞானஸ்நானமும் ஜெபமும் தலைமுறை தலைமுறையாக வந்திருந்தன.

நம்பிக்கை இழந்த குரு

இங்கே ஒரு வியப்பான மனிதரைச் சொல்ல வேண்டும். அவர் அபே துபுவா என்ற பிரெஞ்சுக் குரு. 1799-ல் திப்பு வீழ்ந்த பின் மைசூர் நாட்டில் சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களை ஒன்று சேர்த்தார், அவர்களுக்கு விவசாயக் குடியிருப்புகள் அமைத்தார், பெரியம்மைக்கு எதிராக அம்மை குத்தும் முறையைப் பரப்பினார். இத்தனையும் செய்தவர் மனம் சோர்ந்து போனார். 1823-ல் இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். அதே ஆண்டு வெளிவந்த தன் கடிதங்களில், இங்கே கிறிஸ்தவர்கள் குறைந்து வருவதாக வருந்தினார். இந்துக்கள் மனம் மாறுவது நடக்காத காரியம் என்றும் எழுதினார்.

அவர் கண்ட சிரமங்கள் பொய்யல்ல. ஆனால் போன பின்பும் மக்கள் இருந்தார்கள். அவர்களுக்குப் போக வேறு ஊர் இல்லை.

தாது வருடப் பஞ்சம்

அடுத்த பெரிய சோதனை 1876-78 பஞ்சம். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1871-ல் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881-ல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. பசியும் காலராவும் மதம் பார்க்கவில்லை. அந்தப் பஞ்சத்தில் தமிழகத்தின் பல இடங்களில் மிஷன்கள் கஞ்சி ஊற்றின, அனாதைக் குழந்தைகளை ஏற்றன. சோற்றுக்காக மதம் மாறினார்கள் என்ற குறையும் அன்றே எழுந்தது. சிலரைப் பற்றி அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வயிறு நிறைந்த பிறகும் பலர் ஏன் நிலைத்து நின்றார்கள் என்பதற்கு அந்தக் குறையில் பதில் இல்லை.

முடிவுரை

1930-ல் சேலம் மறைமாவட்டம் உருவானது. 1997-ல் அதிலிருந்து தருமபுரி மறைமாவட்டம் பிரிந்தது. தருமபுரிக்கு அருகே கோவிலூர், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எலத்தகிரி போன்ற பழைய கிறிஸ்தவ ஊர்கள் இன்றும் இருக்கின்றன.

கிறிஸ்தவ நம்பிக்கை என்றால் துன்பமே வராது என்ற உறுதி என்று பலர் நினைக்கிறார்கள். பாராமகால் மக்களுக்கு அப்படி ஓர் உறுதி கிடைக்கவில்லை. போரும் வந்தது, பஞ்சமும் வந்தது. துன்பத்தின் நடுவிலும் கடவுள் உடன் இருக்கிறார் என்பதே அவர்களின் உறுதி. அதை அவர்களுக்கு உணர்த்தியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத உபதேசியார்களும், பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்த தாய்மாரும்தான். துன்பப்படுகிறவருக்குப் பெரிய பிரசங்கத்தை விட, பக்கத்தில் வந்து உட்காரும் ஒருவரே முதல் ஆறுதல்.