தார் நகரத்து உடைந்த இரும்புத்தூண்

இந்தியாவின் பழைய இரும்பு என்றவுடன் அனைவர் நினைவுக்கும் வருவது தில்லி மெஹரௌலித் தூண். மத்தியப் பிரதேசத்தின் மேற்கிலுள்ள தார் என்னும் சிறு நகரில் அதனினும் நீளமான ஒரு தூண் மூன்று துண்டுகளாகக் கிடக்கிறது. துண்டுகளின் நீளம் 24 அடி 3 அங்குலம், 11 அடி 7 அங்குலம், 7 அடி 6 அங்குலம். மொத்தம் ஏறத்தாழ 13.2 மீட்டர். தில்லித் தூண் 7.2 மீட்டர்தான். சதுரமாகத் தொடங்கி, எண்கோணமாகி, முனையில் வட்டமாக முடியும் இத்தூணைப் பரமார மன்னர் போஜரின் 11ஆம் நூற்றாண்டுப் படைப்பாகக் கொள்வது பெருவழக்கு. 1210ஆம் ஆண்டளவில் குஜராத்துப் படையை வென்ற அர்ஜுனவர்மன், கைப்பற்றிய ஆயுதங்களை உருக்கிச் செய்திருக்கலாம் என்பது ஹென்றி கசன்ஸ் முன்வைத்த ஊகம். ஊர் வழக்கோ, இது ஓர் அரக்க வடிவ எண்ணெய்க்காரியின் தராசுக்கோல் என்கிறது!

தூண் உடைந்த கதையை ஜஹாங்கீர் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். மாளவத்தைக் கைப்பற்றிய குஜராத்தின் பகதூர் ஷா இதனைத் தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். இறக்குகையில் கவனம் தவறியதால் விழுந்து முறிந்தது. அக்கவனக்குறைவை எழுதிய ஜஹாங்கீரும் பெரிய துண்டை ஆக்ராவுக்குக் கொண்டுவந்து அக்பர் கல்லறை முற்றத்தில் நட்டு, உச்சியில் விளக்கேற்ற ஆணையிட்டார். அவ்வாணை நிறைவேறவில்லை. இத்தூணுக்கு நேர்ந்த கேடு பெரும்பாலும் அதன்மீது கொண்ட மதிப்பினால் நேர்ந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1405இல் திலாவர் கான் கட்டிய மசூதிக்கு 'லாட் மசூதி' என்று பெயர் தந்ததே இத்தூண்தான். பெரிய துண்டு அதனருகே நெடுங்காலம் சாய்ந்து கிடந்தது. வருவோர் அதன்மேல் சறுக்கி விளையாடினர். சிறிய துண்டோ ஊருக்குள் வேறிடத்தில் இருந்தது. 1980இல் இந்தியத் தொல்லியல் துறை மூன்றையும் மசூதி வளாகத்தில் ஒரே மேடையில் சேர்த்தது.

இங்குதான் பாதுகாப்பின் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. 'துருப்பிடிக்காத இரும்பு' என்னும் புகழ் பாதி உண்மையே. சுண்ணாம்புக்கல் சேர்க்காமல் கரியால் உருக்கிய இவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. நனைந்து உலரும் சுழற்சியில், மேற்பரப்பை ஒட்டி மெல்லிய பாஸ்பேட் படலம் உருவாகிறது. துரு மேலும் பரவாமல் அது தடுக்கிறது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் உலோகவியலாளர் ஆர். பாலசுப்ரமணியம் தில்லித் தூணில் இதனை விரிவாக விளக்கினார். தார் தூணையும் ஆராய்ந்தார். ஆகவே பழுப்பு நிறத்தை அழுக்கென்று கருதித் தேய்த்துப் பளபளப்பாக்குவது காவலை அகற்றுவதாகும். அவ்வாறு தேய்த்தால், அக்பர் தக்காணம் செல்லும் வழியில் இங்குத் தங்கியதைக் கூறும் பாரசீகக் கல்வெட்டும் மங்கும் (இரும்பில் பொறித்ததையும் கல்வெட்டு என்றே சொல்கிறோம்). மேலும், நிமிர்ந்த தூணில் மழைநீர் வழிந்தோடும். கிடக்கும் தூணிலோ மேற்பரப்புத் துளைகளில் தேங்கும். நீர் நின்று உலராத இடத்தில் பாஸ்பேட் படலமும் உதவாது.

துண்டுகளை ஒட்டி மீண்டும் நிறுத்தினால் என்ன என்ற ஆசை எளிதில் எழும். ஆனால் நவீனப் பற்றவைப்பின் வெப்பம் முறிவுமுகங்களைச் சிதைத்துவிடும். சிறு இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து இணைத்து இத்தனை நீளத்தை எவ்வாறு எட்டினர் என்பதற்கான சான்று அம்முகங்களில்தான் உள்ளது. முழுமையாக நிற்கும் தில்லித் தூண் தன் உட்புறத்தை எவருக்கும் அவ்வாறு காட்டுவதில்லை. தாரின் உடைவு ஓர் ஆவணம். அதனைச் 'சீர்செய்வது' ஆவணத்தை அழிப்பதற்கு ஒப்பாகும். அங்குத் தேவைப்படுபவை மழைநீர் தேங்காத அமைப்பு, கைபடாத இடைவெளி, முறிவுமுகங்களின் நுண்ணிய ஒளிப்படப் பதிவு ஆகியவையே.