கொடையும் நிபந்தனையும்

நீலக் குழந்தை! கேட்கும்போது கவிஞன் கண்ட கற்பனைபோல இருக்கிறது அந்தச் சொல். பெற்றெடுத்த தாயைக் கேட்டால் தெரியும், அது கற்பனையா, கொடுமையா என்று. உதடு கருநீலம், நகக்கண் கருநீலம். பால் குடிக்கும்போதே களைத்துப்போகும். வீறிட்டு அழத் தொடங்கினாலோ மூச்சு முட்டி, உடல் துவண்டு, நினைவே தப்பிவிடும். நடக்கும் பருவம் வரை பிழைத்துவிட்ட குழந்தையும் பத்தடி நடந்ததும் குந்தி உட்கார்ந்துகொள்ளும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, குந்தினால் மூச்சுச் சற்றே எளிதாகிறது என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும்.

இந்த நிலைக்குக் காரணம் கருவிலேயே பிழைபட்டுப்போன இதயம். நூறு குழந்தைகள் பிறந்தால் ஏறத்தாழ ஒன்று ஏதேனும் ஒரு வகை இதயக் குறையுடன் பிறக்கிறது. அவற்றுள்ளே பெரிதும் பேசப்படுவது, பிரெஞ்சு மருத்துவர் ஃபாலோ 1888-இல் விளக்கி எழுதிய நான்கு குறைகளின் கூட்டு. நுரையீரலுக்குக் குருதி செல்லும் வழி குறுகியிருக்கும். இதயத்தின் கீழறைகளைப் பிரிக்கும் சுவரிலே துளையிருக்கும். மூச்சுக்காற்றைப் பெற்றுச் சிவக்கவேண்டிய குருதி, அதைப் பெறாமலே உடலெங்கும் ஓடும். அறிந்தார்கள், பெயரிட்டார்கள், பிணங்களை அறுத்துப் பார்த்துப் படமும் வரைந்தார்கள். பிழைக்கவைக்கத்தான் வழி தெரியவில்லை.

அந்த வழி 1944 நவம்பர் 29 அன்று, அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலே திறந்தது. பதினைந்து மாதப் பெண் குழந்தை ஒன்று. எடை ஏறத்தாழ நான்கு கிலோ. கைக்குச் செல்லும் தமனியைத் துண்டித்து, திருப்பி, நுரையீரல் தமனியிலே தைத்தார் அறுவை மருத்துவர் ஆல்ஃபிரட் பிளேலாக். இதயத்தைத் தொடவில்லை, அதனுள்ளே இருந்த குறையைத் திருத்தவுமில்லை. குறையைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மாற்றுப்பாதை அமைத்தார், அவ்வளவே. அந்தக் குழந்தை சில திங்களே வாழ்ந்தது. ஆனால் அதையடுத்து வந்தவர்கள் பிழைத்தார்கள். மூன்றாவதாக வந்த ஆறு வயதுச் சிறுவனின் உதடு, அறுவை மேசையின்மீதே நீலம் மாறிச் சிவந்தது. சில ஆண்டுகளிலே அந்த ஒரு மருத்துவமனையில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அச்சிகிச்சை நடந்தது.

இந்த வெற்றியைப் பாடிய புத்தகங்கள் பல. நான் கேட்க விரும்புவது வேறொரு கேள்வி: பணம் யாருடையது? எந்த நிபந்தனையோடு வந்தது?

வகுப்பிலே அரசர்களின் கொடைகளைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, எவ்வளவு நிலம், எத்தனை பொன் என்று கேட்கிறார்கள் பிள்ளைகள். கல்வெட்டின் கடைசி வரியை ஒருவரும் கேட்பதில்லை. இந்த அறத்தை அழித்தவன் கங்கைக் கரையிலே காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று முடியும் அந்த வரி. கொடுத்தவனுக்குத் தெரிந்திருக்கிறது, கொடுப்பது எளிது, கொடுத்ததைக் காப்பது அரிது என்று. சாபத்தைக் காவல் வைத்தான். சாபம் காத்ததா என்பதை நிலங்களின் கதை சொல்லும்! பால்டிமோர்ப் பெண்ணொருத்தி சாபத்தை நம்பவில்லை, சட்டத்தை நம்பினாள். அவள் கதை இது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற வணிகர் 1873-இல் இறந்தபோது, ஒரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு மருத்துவமனைக்குமாக எழுபது இலட்சம் டாலர் விட்டுச் சென்றார். பால், வயது, நிறம் என்ற வேறுபாடு பாராமல் ஏழை நோயாளிகளுக்கு இடமளிக்கவேண்டும் என்று மருத்துவமனையின் அறங்காவலருக்கு எழுதியும் வைத்தார். (அவர் வீட்டிலே அடிமைகள் இருந்ததாக 1840, 1850-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குகள் காட்டுகின்றன என்று அவர் பெயர் தாங்கிய பல்கலைக்கழகமே 2020-இல் அறிவித்தது. மனிதர் ஒரே நிறத்தவர் அல்லர்.) மருத்துவமனை 1889-இல் திறக்கப்பட்டது. அதனோடு தொடங்கவேண்டிய மருத்துவக் கல்லூரியோ தொடங்கப்படவில்லை. பல்கலைக்கழகத்தின் செல்வம் பால்டிமோர்–ஒகாயோ இரயில்வேப் பங்குகளிலே முடங்கியிருந்தது, பங்கின் ஆதாயம் வறண்டது, கையிலே காசில்லை.

வந்தார்கள் பெண்கள். அறங்காவலர்களின் மகள்களே வந்தார்கள் என்பதுதான் சுவை! அவர்களுள் ஒருவர் கேரி தாமஸ்: ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் வகுப்பிலே அமர இடம் தர மறுத்ததால், ஐரோப்பா சென்று சூரிச் நகரிலே டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். இன்னொருவர் மேரி காரெட், அந்த இரயில்வேத் தலைவரின் மகள். 1890-இல் நாடெங்கும் குழு அமைத்து நூறாயிரம் டாலர் திரட்டினார்கள். அதிலே பாதிக்குச் சற்றே குறைவான தொகை மேரி காரெட் தந்தது. தருகிறோம், ஆனால் ஆண்களைச் சேர்க்கும் அதே விதிப்படி பெண்களையும் சேர்க்கவேண்டும் என்றார்கள். அறங்காவலர் மறுக்கவில்லை, மறுப்பதைவிட நயமான வழியைக் கண்டார்கள். ஐந்நூறாயிரம் சேர்ந்தால் கல்லூரியைத் திறப்போம் என்றார்கள். சேராது என்ற நம்பிக்கை சிலருக்கு இருந்திருக்கலாம்!

1892 டிசம்பரில் மேரி காரெட் தம் சொந்தப் பணத்திலிருந்து 3,06,977 டாலர் எடுத்து வைத்தார். குறைந்திருந்த தொகை முழுவதும் அதிலே நிறைந்தது. அதனோடு நிபந்தனைகளும் வந்தன. பட்டம் பெற்றவரையே சேர்க்கவேண்டும், பிரெஞ்சும் ஜெர்மனும் தெரிந்திருக்கவேண்டும், அறிவியல் பயின்றிருக்கவேண்டும், பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே விதி, பரிசும் பதவியும் கௌரவமும் ஒரே அளவுகோலில். இவற்றுள் எதை மீறினாலும் பணம் முழுவதும் தமக்கோ தாம் குறிப்பிடுபவர்க்கோ திரும்பிவிடவேண்டும் என்று எழுதி வாங்கினார். அங்கேதான் இருக்கிறது அவருடைய கூர்மை. நல்லெண்ணத்தை வேண்டவில்லை, மீறினால் இழப்பு என்ற நிலையை ஏற்படுத்தினார். சேர்க்கை விதியின் கடுமையைக் கண்டு, ஆசிரியராக நுழைந்தோமே, பிழைத்தோம், மாணவராக வந்திருந்தால் நமக்கே இடமில்லை என்று பேராசிரியர் ஆஸ்லர் நகைத்தாராம். 1893 அக்டோபரில் கல்லூரி திறந்தது. பதினெட்டு மாணவர், அவர்களுள் மூவர் பெண்கள்.

முப்பது ஆண்டுகள் ஓடின. ஹார்வர்டு பேராசிரியர் ஒருவரின் மகள், ஹெலன் டாசிக், மருத்துவம் படிக்க விரும்பினார். தந்தை பாடம் சொன்ன ஹார்வர்டிலே, வகுப்பிலே உட்காரலாம், பட்டம் கிடையாது என்றார்கள். பட்டமில்லாத படிப்பு எதற்கு என்று கேட்டார் டாசிக். அவர் வந்து சேர்ந்த இடம் பால்டிமோர். 1927-இல் மருத்துவரானார். மேரி காரெட் 1915-இலேயே மறைந்துவிட்டார். எழுதி வாங்கிய தாள் மட்டும் விழித்திருந்தது.

டாசிக் பணியாற்றிய இடமும் ஒரு கொடையே. ஹாரியட் லேன் ஜான்ஸ்டன், குடியரசுத் தலைவர் புக்கானனின் உறவினர். மணமாகாத அவருக்காக வெள்ளை மாளிகையின் தலைவியாக விளங்கியவர். இரண்டு பிள்ளைகள், இருவரையும் கீல்வாதக் காய்ச்சல் 1881-இலும் 1882-இலும் கொண்டுபோயிற்று. அடுத்து கணவரும் மறைந்தார். 1903-இல் அவர் இறந்தபோது, நோயுற்ற குழந்தைகளுக்கென நான்கு நூறாயிரம் டாலருக்கு மேல் எழுதி வைத்திருந்தார். அதில் எழுந்த இல்லம் 1912-இல் ஹாப்கின்ஸ் மருத்துவமனையோடு இணைந்து இயங்கலாயிற்று. அங்கே 1930-இல் குழந்தை இதயப் பிரிவின் பொறுப்பு டாசிக் கைக்கு வந்தது. காய்ச்சலால் கெட்ட இதயங்களுக்காக ஏற்பட்ட இடத்திலே, பிறவியிலேயே கெட்ட இதயங்களை ஆராயத் தொடங்கினார் அவர். அவருக்குச் செவி கேளாமை வேறு! மற்ற மருத்துவர் காதால் கேட்டதை அவர் விரலால் தொட்டு உணர்ந்தார். எக்ஸ்கதிர்த் திரையிலே இதயத்தின் நிழலைப் பல கோணங்களில் கண்டார்.

கண்டது இது. கருவிலிருக்கும்போது பெருந்தமனியையும் நுரையீரல் தமனியையும் இணைக்கும் சிறு குழல் ஒன்று உண்டு. பிறந்தபின் அது தானே அடைபடும். நீலக் குழந்தைகளுள் அது அடைபடாதவர் ஓரளவு நலமாயிருந்தனர். அடைபட்டதும் நீலம் மிகுந்து மாண்டனர். பாஸ்டன் நகரில் கிராஸ் என்பவர், மற்றொரு வகை நோயாளியிடம் அக்குழலைக் கட்டி அடைத்தது 1938-இல். அடைக்க முடியும் எனில், புதிதாக ஆக்கவும் முடியுமன்றோ என்று கேட்டார் டாசிக்.

மருத்துவ வரலாறு அவருக்கு முன்பே ஒரு பெண்ணை இப்பாதையில் வைத்திருந்தது. கனடா நாட்டு மாட் அபட். பெண் என்பதற்காக மெக்கில் மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்க்கவில்லை. வேறு கல்லூரியில் பட்டம் பெற்றுவந்தவரை அதே மெக்கில் தன் மருத்துவக் காட்சியகத்துக்குக் காப்பாளராக்கியது. அங்கே புட்டிகளில் கிடந்த இதயங்களை வகைப்படுத்தி, ஆயிரம் நோயாளிகளின் குறிப்பைத் திரட்டி, 1936-இல் பிறவி இதயநோய்ப் படநூல் ஒன்றை வெளியிட்டார். 1940-இல், எழுபதை எட்டிய முதுமையில், பெருநூல் எழுதுக என்று கார்னகி அறநிதி 2,500 டாலர் வழங்கிற்று. அவ்வாண்டு செப்டம்பரிலேயே அவர் இறந்தார். அந்தத் தொகை இருபது ஆண்டுக்கு முன் வந்திருந்தால்! பிறவி இதயக்குறை பற்றிய பெருநூலை டாசிக் எழுதினார். 1947-இல் அதை வெளியிட்டது, ஆன்னா ஹார்க்னஸ் என்ற பெண்மணி பொருள் தந்து நிறுவிய காமன்வெல்த் அறநிதி.

இதுவரை சொன்னதில் ஒருவரை விட்டுவிட்டேன். 1945 மே மாதம் அமெரிக்க மருத்துவக் கழக இதழில் இந்த அறுவையைப் பற்றி வெளிவந்த கட்டுரையும் அவரை விட்டுவிட்டது. அவர் பெயர் விவியன் தாமஸ்.

கறுப்பர். தச்சுத்தொழில் தெரிந்த இளைஞர். மருத்துவம் படிப்பதற்கென்று காசு காசாகச் சேர்த்து வைத்திருந்தார் நாஷ்வில் நகரிலே. 1930-இல் வங்கி முறிந்தது, சேமிப்புப் போயிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்திலே வேலைக்குச் சேர்ந்திருந்தார். ராக்பெல்லர் பணமும் கார்னகி பணமும் கொட்டி வளர்த்த மருத்துவக் கல்லூரி அது. ஆய்வாளர் செய்யும் வேலையைச் செய்த தாமசுக்குப் பதிவேட்டிலே எழுதப்பட்ட பதவியோ துப்புரவாளர்! சம்பளமும் அதற்கேற்பவே. கைத்தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் தையலை, வேறொரு ஆய்வுக்காக, பிளேலாக்கும் தாமசும் அங்கேயே நாய்களிடம் செய்துபார்த்திருந்தனர். 1941-இல் பிளேலாக் பால்டிமோருக்கு வந்தபோது, தாமஸ் இன்றி வர மறுத்து அவரையும் உடனழைத்து வந்தார்.

டாசிக் கேட்ட கேள்விக்கு ஆய்வுக்கூடத்திலே விடை கண்டவர் தாமஸ். ஏறத்தாழ இருநூறு நாய்களிடம், ஏறத்தாழ ஈராண்டு உழைப்பு. நோயை நாயிடம் உண்டாக்கினார்; மாற்றுப்பாதை அமைத்துத் தணித்தார்; அவ்வளவு சிறிய குழல்களைத் தைக்கத்தக்க கருவிகளைத் தாமே மாற்றி அமைத்தார். நவம்பர் 29 அன்று பிளேலாக்கின் தோளுக்குப் பின்னே ஒரு முக்காலியின்மீது நின்று, ஊசி எத்திசையில் செல்லவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவரே. அந்த அறுவையைப் பிளேலாக் தம் கையால் முழுதும் செய்ததில்லை. ஒருமுறை துணை நின்றிருந்தார். தாமஸ் பலமுறை செய்திருந்தார், விலங்குகளிடம்.

அந்த அறையை விட்டு வெளியே வந்தால்? வெள்ளையருக்கு ஒரு கழிப்பிடம், கறுப்பருக்கு ஒரு கழிப்பிடம். நோயாளிகளுக்கும் தனித்தனி விடுதி. நிறவேறுபாடு பாராமல் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் எழுதிய அதே மருத்துவமனை! சம்பளம் போதாமல், பிளேலாக் நடத்திய விருந்துகளிலே மது ஊற்றிக் கொடுத்துக் கூலி பெற்றிருக்கிறார் தாமஸ். பகலிலே அவரிடம் தையல் கற்ற இளம் மருத்துவர்கள், மாலையிலே அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கினார்கள். தச்சுவேலைக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணிய காலமும் உண்டு. 1946-இல் ஊதியம் உயர்ந்த பின்னரே அந்த எண்ணத்தைக் கைவிட்டார்.

ஒரே நிறுவனம், இரண்டு வாக்குறுதிகள். நிறம் பாராதே என்ற வணிகரின் சொல் கண்ணியமானது. மீறினால் என்ன என்பதை அவர் எழுதவில்லை. பெண்ணைத் தள்ளாதே என்ற மேரி காரெட்டின் சொல்லுக்குப் பின்னே 3,06,977 டாலர் காவல் நின்றது. முன்னது வாசலிலே பொறித்த வாசகமாயிற்று, பின்னது நடைமுறையாயிற்று. மேரி காரெட்டையும் நான் முழுக்கப் புகழமாட்டேன். அவர் பத்திரத்திலே பெண் என்ற சொல் இருந்தது. கறுப்பர் என்ற சொல் இல்லை. அவர் கண் சென்ற தூரம் வரைதான் கதவு திறந்தது. அம்மருத்துவக் கல்லூரி கறுப்பின மாணவரை முதன்முதலாகச் சேர்த்தது 1963-இல். பெண்களைச் சேர்த்து எழுபதாண்டு கழித்து.

டாசிக் 1959-இல் முழுப் பேராசிரியரானார். 1965-இல் அமெரிக்க இதயக் கழகத்தின் தலைவரானார். அந்த ஏற்றத்துக்கும் ஆண்டுகள் பல பிடித்தன என்பதை மறக்கவேண்டாம். சேர்க்கைக்குக் காவல் இருந்தது, பதவி உயர்வுக்குச் சுணக்கம் இருந்தது. தாமஸ் ஆய்வுக்கூடத்தின் கண்காணிப்பாளராகப் பல தலைமுறை அறுவை மருத்துவரை உருவாக்கினார். 1971-இல் அவரிடம் கற்றவர்கள் கூடி அவருடைய ஓவியத்தை மருத்துவமனைக்கு அளித்தார்கள். 1976-இல் பல்கலைக்கழகம் மதிப்புறு டாக்டர் பட்டம் வழங்கிற்று. மருத்துவ டாக்டர் அன்று, சட்ட டாக்டர்.

தாம் கடந்துவந்த பாதையை அவரே நூலாக எழுதினார். 1985 நவம்பரில் இறந்தார். நூல் சில நாள் கழித்து அச்சிலிருந்து வந்தது.