நூல்கோலில் நூல் இல்லை

அக்கா மகள் ஜெர்மன் படிக்கிறாள். நர்சிங் முடித்தவள். ஜெர்மனியில் வேலைக்குப் போகணும்னா பி2 நிலை வரைக்கும் மொழி வேணுமாம். வகுப்புக் கட்டணத்துக்காக அக்கா வீட்டில் இருந்த ரெண்டு தறியில் ஒன்றை விற்றாகிவிட்டது. அதனால் அவள் ஒரு சொல்லை மறந்தாலும் வீட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

ஆரணிக்கு நான் போயிருந்த அன்று அடுக்களைச் சுவர் முழுக்க அட்டைகள் ஒட்டியிருந்தாள். ஒரு பக்கம் படம், அடியில் ஜெர்மன் சொல். காய்கறிப் பாடம் போல. ஒரு அட்டையில் வெளிர்பச்சையாய் உருண்டையாய் ஒரு காய், தலையில் நாலைந்து காம்பு. அடியில் 'டேர் கோல்ராபி'.

"இதுதான் மாமா மண்டையில ஏற மாட்டேங்குது" என்றாள்.

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நூக்கல்தானேடி, அதுக்கு என்னா இம்புட்டு?" என்றாள்.

எனக்கு அங்கேயே ஒரு பொறி தட்டியது. அதைத் துரத்திக்கொண்டு போனதில் எழுந்ததுதான் இந்தக் குறிப்பு.

எங்கள் பக்கம் பேச்சில் நூக்கல். கொஞ்சம் திருத்தமாகச் சொல்பவர்கள் நூல்கோல் என்பார்கள். நெசவாளர் வீட்டில் பிறந்தவனுக்கு இந்தப் பெயரில் சந்தேகமே வராது. சின்ன வயசில் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றும்போது பார்த்த நூல்; அதற்கு ஒரு கோல். நூலைக் கோலில் உருண்டையாகச் சுற்றி வைத்த மாதிரிதானே காயும் இருக்கிறது? முற்றின நூக்கலை வெட்டினால் உள்ளே நாரும் வரும். ஆக, பெயர்க் காரணம் சரியாகப் பொருந்திவிட்டது. நாற்பது வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நூல்கோலில் நூலும் இல்லை, கோலும் இல்லை. அது டச்சுச் சொல். 'க்னோல்கோல்'. க்னோல் என்றால் கிழங்கு போல உருண்டது, கோல் என்றால் கோஸ் வகை. உருண்டைக்கோஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் இந்தக் காயை ஜெர்மன் பெயரிலேயே கோல்ராபி என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்திய ஆங்கிலத்தில் மட்டும் நோல்-கோல் நிலைத்துவிட்டது. நம் வேளாண்மைப் பாடப்புத்தகங்களிலும் விதைப் பொட்டலங்களிலும் இன்றைக்கும் அதே பெயர்தான். இலங்கையில் தமிழர் நோக்கோல் என்பார்கள், சிங்களத்திலும் கிட்டத்தட்ட அதேதான். நாம்தான் அதை நம் வாய்க்கு ஏற்ப நூலும் கோலுமாகப் பிரித்துக்கொண்டோம். அர்த்தம் தெரியாத சொல் காதில் விழுந்தால், தெரிந்த சொல் இரண்டை வைத்து ஒட்டுப் போடுவது எல்லா மொழிக்காரர்களும் செய்வதுதான். இந்திக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 'காண்ட் கோபி', அதாவது முடிச்சுக் கோஸ் என்று சொந்தமாகவே ஒரு பெயர் கட்டிக்கொண்டார்கள்.

டச்சுக்காரர் நம் கரைக்குப் புதியவர்கள் இல்லை. பழவேற்காட்டில் 1613-இல் கெல்ட்ரியா கோட்டை. 1658-இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்து, 1781 வரை வைத்திருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் கோட்டையும் கல்லறைகளும் இன்னும் இருக்கின்றன. வந்ததே நம் துணிக்காகத்தான். வாங்கிப்போனது துணி, விட்டுப்போனது சொல். அவர்களுடைய செம்புக்காசு 'டொய்ட்', நமக்குத் துட்டு. 'காக்ஹௌஸ்' நமக்குக் கக்கூஸ். அலுவலகத்துக்கு அவர்கள் சொன்ன 'கந்தோர்' யாழ்ப்பாணத்தில் அப்படியே கந்தோர். உருளைக்கிழங்குக்கு அவர்கள் வைத்த 'ஆர்டாப்பல்' (மண் ஆப்பிள்) சிங்களத்தில் அர்த்தாபல். அந்த வரிசையில் நம் நூக்கலையும் உட்கார வைக்கலாம்.

இதை அக்கா மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட கேள்வி நியாயமானது. "இது டச்சு மாமா. எனக்கு வேண்டியது டாய்ச்."

டச்சு, டாய்ச் இரண்டும் ஒரே பழைய சொல்லின் இரு கிளைகள்தான். மொழிகளும் அப்படித்தான், பங்காளிகள். டச்சு 'கோல்' ஜெர்மனிலும் கோல். அதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சந்தைக்குப் பெயர் தெரிந்துவிடும். ப்ளூமென் என்றால் பூக்கள், ப்ளூமென்கோல் காலிஃபிளவர். நம் அகராதிகளில் உள்ள பூக்கோசு என்ற சொல்லும் இதே கட்டுமானம்தான். ரோட்கோல் சிவப்புக்கோஸ். ரோஸன்கோல், குட்டிக்குட்டியாய் ரோஜா மொட்டு மாதிரி இருக்கும் களைக்கோஸ். ஜெர்மனில் கூட்டுச்சொல்லின் கடைசிப் பகுதி எந்தப் பாலோ அதுதான் முழுச்சொல்லுக்கும் பால். கோல் ஆண்பால், 'டேர்'. ஆகவே மேலே சொன்ன எல்லாமே 'டேர்'. காய்க்கு எதற்கு ஆண்பால் என்று கேட்காதீர்கள். உயர்திணை அஃறிணை என்று பிரித்துப் பழகின நமக்கு அது கடைசிவரை புரியாது, மனப்பாடம்தான்.

இந்தக் கோலுக்கு மூலம் லத்தீன் 'கௌலிஸ்'. பொருள்: தண்டு. இத்தாலியில் காவொலோ, போர்த்துகலில் கோவெ. இலங்கைத் தமிழர் முட்டைகோஸைக் கோவா என்பது இந்தக் கோவெயிலிருந்து. காலிஃபிளவரில் இருக்கும் 'காலி'யும் இதே கௌலிஸ். ஆக, நூக்கலின் 'கல்', கோவா, காலி மூன்றும் உடன்பிறப்புகள். தாவரவியலும் இதற்கு ஒத்துப்போகிறது. முட்டைகோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, நூக்கல் எல்லாம் ஒரே இனச் செடி. ஒன்றில் இலையையும் ஒன்றில் பூவையும் ஒன்றில் தண்டையும் பெருக்க வைத்து, தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள்.

தண்டு என்றதும் சில நண்பர்கள் துள்ளிக் குதிப்பார்கள். கோல் என்றால் தமிழிலும் தண்டுதானே, லத்தீனுக்கே நாம்தான் கொடுத்தோம் என்று. இல்லீங்க. இது வெறும் ஒலி ஒற்றுமை. நாற்பது வருஷம் 'நூல் + கோல்' என்று நம்பியவன் சொல்கிறேன், காதை மட்டும் நம்பிச் சொல்லாராய்ச்சி செய்தால் இப்படித்தான் ஆகும்.

இனி அவள் மண்டையில் ஏறாததற்குக் காரணம். புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இன்னொரு காய் இருந்தது: 'டீ கோல்ரூபெ'. (அந்த ரூவை, உதட்டைக் குவித்துக்கொண்டு 'ரீ' என்று சொல்லணும். எனக்கு வரவில்லை.) ரூபெ என்றால் டர்னிப் மாதிரி வேர்க்காய். கோல்ராபி என்ற சொல்லோ இத்தாலியக் 'காவொலி ராபெ'யிலிருந்து வந்தது. அங்கேயும் ராபெ என்றால் டர்னிப்தான். அதாவது இரண்டு பெயருக்கும் பொருள் ஒன்றே, கோஸ்-டர்னிப். ஆனால் காய் வேறு வேறு. கோல்ராபி ஆண்பால், தரைக்கு மேலே பருத்த தண்டு. கோல்ரூபெ பெண்பால், மண்ணுக்குள் இருக்கும் வேர். தினம் குழப்பிக்கொண்டிருந்தாள்.

ஜெர்மானிய முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிற பெண் இதைக் குழப்பக்கூடாது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனிக்கு வரும் கப்பல்களை மறித்தது. 1916-இல் உருளைக்கிழங்கு விளைச்சலும் நோயில் போயிற்று. அந்தக் குளிர்காலம் முழுக்க, மாட்டுக்குப் போட்ட கோல்ரூபெயைத்தான் மனிதர்கள் தின்றார்கள். அதை அரைத்து ரொட்டியில் கலந்தார்கள், ஜாம்கூடச் செய்தார்கள். 1916-17 குளிர்காலத்துக்கே அந்தக் காயின் பெயர்தான் அங்கே. அதன்பின் பல குடும்பங்களில் அந்தக் காய் பஞ்சத்தின் பெயராகவே ஆகிவிட்டது. கோல்ராபி அப்படியில்லை. சீவி உப்புத் தொட்டுப் பச்சையாகவே தின்பார்கள், குழந்தைகளுக்கும் பிடிக்கும்.

அந்தப் பஞ்சக் குளிர்காலத்தில் ஜெர்மனியின் ஹாலே நகரில் வாழ்ந்தவர்களில் ஒருவருக்கு எங்கள் ஊர்ப்பக்கத்துக் கல்வெட்டெல்லாம் தெரியும். ஒய்கன் ஹுல்ட்ஷ். 1857-இல் ட்ரெஸ்டனில் பிறந்தவர். 1886-இல் சென்னை அரசாங்கத்தின் கல்வெட்டாய்வாளராக வந்து, 1903-இல் ஹாலே பல்கலைக்கழகத்துக்கு சமஸ்கிருதப் பேராசிரியராகத் திரும்பினார். தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890-இல் அவர் பதிப்பித்தது. அதில் ஆரணியிலிருந்து போளூர் போகும் வழியில் வடமாதிமங்கலத்துக்குப் பக்கத்திலிருக்கும் திருமலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. குந்தவை பெயரில் அமைந்த ஜினாலயமும், பாறையில் செதுக்கிய பதினாறடி நேமிநாதரும் உள்ள சமண மலை அது. ராஜேந்திர சோழனின் 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு கங்கைவரை போன படையெடுப்பை அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு வணிகரின் மனைவி சாமுண்டப்பை விளக்குக்கும் திருவமுதுக்கும் கொடுத்த பணத்தில் முடிகிறது. எனக்கு அந்தக் கடைசி வரிகள்தான் பிடிக்கும்.

ஹாலேக்கும் தமிழுக்கும் உறவு அதற்கும் முந்தியது. ட்ரெஸ்டனுக்குப் பக்கத்துப் புல்ஸ்னிட்ஸில் பிறந்து ஹாலேயில் படித்த சீகன்பால்க், 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கி, பிள்ளைகளோடு திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதினார். அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சானது. (தரங்கம்பாடி டேனிஷ்காரருடையது, டச்சு அல்ல. பலர் குழப்புகிறார்கள்.) இன்று ஜெர்மன் சாப்பாடு என்றாலே நினைவுக்கு வரும் கார்டோஃபெல், அதாவது உருளைக்கிழங்கு, அவர் கப்பலேறிய காலத்தில் அங்கே பரவியிருக்கவில்லை. பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடரிக் அதைப் பயிரிடச் சொல்லி ஆணை போட்டதே 1756-இல்தான்.

மலையைக் காட்டலாம் என்று அக்கா மகளைப் போன ஞாயிற்றுக்கிழமை திருமலைக்குக் கூட்டிப்போனேன். என் நண்பரின் நயினார் வீடு அங்கே. அவருடைய அம்மா கண்டிப்பானவர். மண்ணுக்குள் விளைவது எதுவும் அந்த அடுக்களைக்குள் வராது. உருளை, கேரட், பீட்ரூட், வெங்காயம் எதுவும் கிடையாது. வேரோடு பிடுங்கினால் செடியும் போச்சு, மண்ணிலிருக்கும் உயிர்களும் போச்சு என்பார்.

அக்கா மகள் கேட்டாள்: "நூக்கல் சாப்பிடுவீங்களாம்மா?"

"அது எங்கம்மா மண்ணுக்குள்ள இருக்குது? மேலதானே நிக்குது, தண்டு. தாராளமா சாப்பிடுவோம். இந்தக் கிழங்காட்டம் கீழ போறதுதான் ஆகாது."

அவள் என்னைப் பார்த்தாள். உதட்டில் ஏதோ முணுமுணுத்தாள். பிறகு சொன்னாள், "மாமா, இவங்க வீட்ல டேர் உண்டு, டீ கிடையாது."

அதற்கப்புறம் அவள் அந்த இரண்டையும் குழப்பி நான் கேட்கவில்லை. பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடும் வீடு அது, அஞ்சரை மணிக்கே இலை போட்டுவிட்டார்கள். அன்றைக்குப் புடலங்காய்க் கூட்டு. அதற்கு ஜெர்மனில் என்ன பெயர் என்று அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.